படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?

எங்கள் வகுப்பில் ஒருத்தி மிக நன்றாகப் படம் வரைவாள். ஆண்டு விழா மேடைக்குத் திரை எழுதுவதும், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் பெத்லகேம் ஊரைத் தீட்டுவதும், எங்கள் அறிவியல் நோட்டில் இதயத்தையும் தவளையையும் போட்டுக் கொடுப்பதும் அவள்தான். அவள் பெயரை இக்கட்டுரையில் எழுதக் கூடாது என்று அவளே கேட்டுக்கொண்டதால், ‘தோழி’ என்று மட்டும் குறிப்பிடுகிறோம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய அம்மாவோ, “படம் வரைஞ்சா சோறு கிடைக்குமாடி?” என்று கேட்டுவிட்டார்களாம்.

இதை அவள் வகுப்பில் வந்து சொன்னதும் பெரிய விவாதமே நடந்தது. ஒரு கட்சி அம்மா பக்கம், ஒரு கட்சி தோழி பக்கம். எங்களுக்கு வரலாறு நடத்தும் சிஸ்டர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போவோம். அங்கே மாட்டியிருக்கிற ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, ‘இதற்குக் காசு கொடுத்தது யார்?’ என்று கேளுங்கள். படங்களே பதில் சொல்லும்” என்றார்கள். இப்படித்தான் நாங்கள் ஒரு சனிக்கிழமை காலை, மின்சார ரயிலில் எழும்பூர் வந்து இறங்கி, இரண்டு இரண்டு பேராகக் கை கோத்துப் பாந்தியன் சாலைக்கு நடந்தோம்.

இந்த அருங்காட்சியகத்திற்குச் சென்னை மக்கள் வைத்த பழைய பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர். சிரிப்பாக இருந்தாலும் இவை இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. 1851-ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் டாக்டர் எட்வர்டு பால்ஃபர் என்பவரின் பொறுப்பில் அருங்காட்சியகம் தொடங்கியது. 1854-ல் ‘பாந்தியன்’ என்று வழங்கிய எழும்பூர் மாளிகைக்கு வந்தது. பால்ஃபர் இங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்து வளர்த்தார். அவைதான் பிறகு சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பூங்காவுக்கும், 1985-ல் வண்டலூருக்கும் போயின. இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் திமிங்கில எலும்புக்கூட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்; அமராவதிச் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் வணங்குவார்கள்; பிறகு கால் வலிக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள். சென்ற முறை நாங்களும் அப்படித்தான் செய்தோம் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம். ஓவியங்களைப் பார்க்கவென்றே போனது இதுவே முதல் தடவை.

வளாகத்தில் எல்லோர் கண்ணையும் இழுப்பது இளஞ்சிவப்புக் கல்லால் ஆன தேசிய ஓவியக் கூடக் கட்டடம். ஃபதேபூர் சிக்ரியின் பெரிய வாயிலை நினைவூட்டும் அதன் முகப்பை ஹென்றி இர்வின் வரைந்து கொடுக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். கல், சத்தியவேட்டிலிருந்து வந்தது. பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1906-ல் அடிக்கல் நாட்டினார். 1909-ல் திறந்தபோது அதற்கு விக்டோரியா நினைவு மண்டபம் என்று பெயர். அப்போது அது ஓவியக் கூடமன்று. நம் நாட்டுக் கைத்தொழில் பொருள்களைக் காட்சிக்கு வைத்து, அவற்றுக்கு ஆதரவு தேடித் தர எழுந்த இடம். அருங்காட்சியகத்தின் நூற்றாண்டு விழாவின்போது, 1951-ல், பிரதமர் நேரு அதைத் தேசிய ஓவியக் கூடமாகத் திறந்து வைத்தார். இடையில் கட்டடம் பழுதுபட்டுப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்ததும் உண்டு. “கைத்தொழிலுக்குக் கட்டிய வீட்டில்தான் கலை குடியேறியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்” என்றார்கள் சிஸ்டர். அப்போது எங்களுக்கு அது விளங்கவில்லை.

முதலில் தஞ்சாவூர் ஓவியங்கள். எடுத்த எடுப்பில் தெரிவது பொன்னொளிதான். அதற்குள்ளே கொழுகொழுவென்று கண்ணன், பட்டாபிஷேக ராமன், தாயார். கண்கள் பாதாம் பருப்புப் போல நீண்டிருக்கும், முகம் வட்டமாக இருக்கும். நம் வழிபாடு வேறாயினும், பக்தியோடு செய்த வேலை எதுவானாலும் மரியாதையோடு பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

இவற்றைப் பழைய காலத்தில் ‘பலகைப் படம்’ என்றுதான் சொன்னார்கள். பெயரிலேயே செய்முறை இருக்கிறது. நன்றாக உலர்ந்த பலாப் பலகையின்மேல் துணியை ஒட்டுவார்கள். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. துணியின்மேல் சுண்ணாம்புப் பொடியைப் பசையோடு குழைத்துப் பூசிக் காயவைத்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துக் கண்ணாடி போல் ஆக்குவார்கள். அதன்மேல் கோட்டுப் படம். பிறகு நகை, கிரீடம், தூண், தோரணம் வரும் இடங்களிலெல்லாம் அதே சுண்ணக் கலவையைச் சற்றுக் கெட்டியாக வைத்து மேடாக்குவார்கள். ஈரம் காய்வதற்குள் கண்ணாடிக் கற்களைப் பதிப்பார்கள். மேட்டின்மேல் தங்க ரேக்கை ஒட்டி, விரலாலும் தூரிகைக் காம்பாலும் அழுத்தி, ஒவ்வொரு வளைவிலும் படிய வைப்பார்கள். நிறம் தீட்டுவது இவ்வளவுக்கும் பின்னால்தான். கடைசியில் முகம், முகத்திலும் கடைசியாகக் கண்.

தோழி ஒரு படத்தின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. “பக்கவாட்டிலிருந்து பாருங்கடி” என்றாள். நேராகப் பார்த்தால் தங்கம் தட்டையாகத்தான் இருக்கிறது. ஓரமாக நின்று பார்த்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனியே எழும்புகிறது. இந்தப் படங்கள் மின்விளக்குக்காக எழுதப்பட்டவை அல்ல. பூசை அறையிலும் பஜனை மடத்திலும் அகல் விளக்கு வெளிச்சத்தில் மினுங்குவதற்காக எழுதப்பட்டவை. சுடர் அசையும்போது தங்கமும் அசையும். சாமி மூச்சு விடுவதுபோல் தோன்றும்.

இதைக் கேட்டதும் எங்களில் பலருக்கு வீட்டில் இருக்கும் சகாய மாதா படம் நினைவுக்கு வந்தது. தங்கப் பின்னணியில், குழந்தை இயேசுவின் செருப்பு ஒன்று கழன்று தொங்க, மாதா நம்மைப் பார்ப்பாரே, அந்தப் படந்தான். மூலப் படம் ரோமாபுரியில், புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. அதுவும் மரப் பலகைமேல் தங்கம் பூசி எழுதியதே. அதை எழுதியவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. தஞ்சாவூர்ப் பலகைப் படத்திலும் அப்படித்தான். சாமியின் பெயர் தெரியும், ஓவியரின் பெயர் இராது.

பெயர் இல்லாவிட்டாலும் இன்னார் என்று தெரியும். ராஜு, நாயுடு ஆகிய சமூகத்தார் பரம்பரை பரம்பரையாகச் செய்துவந்த தொழில் இது. நாயக்க மன்னர்கள் காலத்திலும், பிறகு மராட்டிய மன்னர்கள் காலத்திலும் அரண்மனை ஆதரவு அவர்களுக்கு இருந்தது. சிறப்பாக, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் ஓவியர்களுக்கு நிறைய வேலை கொடுத்தார். பலகைப் படம் மட்டுமன்று, செடி கொடிகளையும் பறவைகளையும் பார்த்து வரையச் செய்து சேர்த்துவைத்தார். ‘காசு கொடுத்தது யார்?’ என்ற எங்கள் கேள்விக்கு முதல் பதில், அரசர். அவருக்கு அடுத்தபடியாக மடங்களும் செட்டிநாட்டுச் செல்வர்களும்.

பலகைப் படத்திற்குத் தங்கையான கண்ணாடி ஓவியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. எங்களை அதிகமாகத் திகைக்க வைத்தது அதுதான். கண்ணாடியின் பின்பக்கத்தில் எழுதி முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். ஆகவே எல்லாம் தலைகீழ். நாம் படம் வரையும்போது முதலில் முகம், பிறகு நிறம், கடைசியில் புருவமும் பொட்டும் வைப்போம். கண்ணாடியிலோ பொட்டை முதலில் வைக்க வேண்டும். பிறகு புருவம், கண், மூக்குத்தி. அவற்றின்மேல் முகத்தின் நிறம். அதற்கும் மேல் சேலை, கடைசியாகப் பின்னணி. நகை வரும் இடத்தில் பின்னால் மினுமினுக்கும் தாளை வைத்துக் கட்டிவிடுவார்கள். இடம் வலமாகும், வலம் இடமாகும். தவறு நேர்ந்தால் ரப்பரால் அழிப்பதற்கில்லை. மேலே பூசிய எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியதுதான். கணக்கில் கடைசி வரியை முதலில் எழுதி, மேல்நோக்கிப் போவதுபோல என்று ஒருத்தி சொன்னாள். சீனாவிலிருந்து வணிகத்தோடு வந்த வித்தை என்கிறார்கள். பலகைப் படத்துக்குத் தங்கம் வாங்கக் கையில் பணம் இல்லாத வீடுகளுக்கு இந்தக் கண்ணாடிப் படம் பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

1855-ல் சரபோஜியின் மகன் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இன்றி இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சை அரசை எடுத்துக்கொண்டது. பாடப் புத்தகத்தில் இது ஒரு வரி. ஆனால் அரண்மனையை நம்பி அடுப்பு மூட்டிய ஓவியக் குடும்பங்களுக்கு அந்த ஒரு வரி எப்படி இருந்திருக்கும்! அதற்கு முன்பிருந்தே அவர்களில் சிலர் வெள்ளைக்காரத் துரைமார்களுக்காகப் படம் எழுதத் தொடங்கியிருந்தார்கள். சலவைக்காரரும் மனைவியும், குயவரும் மனைவியும், சிப்பாயும் மனைவியும் என்று ஜோடி ஜோடியாக, தொகுப்புத் தொகுப்பாக. திருச்சிராப்பள்ளியில் காக்காப்பொன் தகட்டின்மேல்கூட எழுதினார்கள். சீமைக்குத் திரும்பும் துரை பெட்டியில் வைத்து எடுத்துப்போவார். தெய்வத்தை எழுதிய கை தெருவை எழுத நேர்ந்தது. அதனால் நமக்கு ஒரு நன்மை உண்டு. அந்நாளில் நம் ஊர்ச் சனங்கள் என்ன உடுத்தினார்கள், என்ன சுமந்தார்கள் என்பது இந்தப் படங்களால்தான் இன்று தெரிகிறது.

ஆங்கிலேய அதிகாரிகளின் உருவப் படங்களை நாங்கள் வேகமாகவே கடந்தோம். எல்லோரும் எங்களை முறைப்பதுபோல் இருந்தார்கள்.

அடுத்து ராஜா ரவி வர்மா. இவர் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. 1848-ல் கிளிமானூரில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனையில் ராமசாமி நாயுடு என்பவர் எண்ணெய் வண்ணத்தில் கைதேர்ந்தவராக இருந்தார். சிறுவன் ரவி வர்மாவுக்குக் கற்றுத்தர அவர் மறுத்துவிட்டாராம். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை யாருக்கும் தெரியாமல் வந்து சொல்லிக் கொடுத்தாராம். பிறகு தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவர் சொல்லித்தரவில்லை, தாம் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் அனுமதித்தார். இப்படிப் பார்த்தும் கேட்டும் கற்ற இளைஞர், 1873-ல் நம் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் நாயர் பெண்மணி ஒருத்தியின் படத்துக்காக ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றார். அவர் புகழுக்கு முதல் படி நம் ஊர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

எண்ணெய் வண்ணம் என்பது நிறப் பொடியை ஆளி விதை எண்ணெயில் அரைத்தது. நீர் வண்ணம்போல் உடனே காயாது. ஆகவே ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு ஓரம் தெரியாமல் இழைக்கலாம். பட்டுச் சேலையின் மடிப்பில் ஒளி விழும் இடமும் நிழல் விழும் இடமும் ஒன்றுக்குள் ஒன்று கரைவது அதனால்தான். தஞ்சாவூர் ஓவியர் நகைக்குத் தங்கத்தையே ஒட்டினார். ரவி வர்மா மஞ்சள், பழுப்பு, வெள்ளை ஆகிய நிறங்களைக் கொண்டே தங்கத்தைக் காட்டிவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் பூச்சு. நாலடி தள்ளி நின்றால் பொன். எங்களில் பாதிப் பேர் முன்னும் பின்னுமாக நடந்து நடந்து சோதித்துப் பார்த்தோம்.

இவருக்குக் காசு கொடுத்தவர்கள் யார்? மகாராஜாக்கள். பரோடா மன்னர் 14 புராணப் படங்களுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்து ஐம்பதாயிரம்! தோழியின் கட்சிக்காரர்கள் அம்மா கட்சியைப் பெருமையோடு பார்த்தார்கள். ஆனால் சிஸ்டர் கதையை முழுவதும் சொன்னார்கள். கும்பகோணத்தில் பிறந்து திவானாக உயர்ந்த சர் டி. மாதவராவ், ‘உம்முடைய படங்களை எல்லோரும் கேட்கிறார்கள், உமக்கோ இரண்டு கைகள்தான், அச்சடித்துக் கொடும்’ என்ற கருத்துப்பட ரவி வர்மாவுக்கு யோசனை கூறினார். 1894-ல் பம்பாயில் ரவி வர்மா அச்சகம் ஏற்பட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல்; ஒரே தாள் பல கற்களின்மேல் மாறி மாறிப் படிந்து முழுப் படம் ஆகும். இதைக் கல்லச்சு என்பார்கள். லட்சுமியும் சரசுவதியும் சில அணாவுக்குக் குடிசை வரை போய்ச் சேர்ந்தார்கள். கோயிலுக்குள் போக விடாமல் தடுக்கப்பட்டவர்கள்கூட வீட்டுச் சுவரில் சாமியை மாட்டிக் கும்பிட முடிந்தது. எனினும் அச்சகம் கடனில் மூழ்கியது. சில ஆண்டுகளிலேயே அதை ஒரு ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. மலிவான அச்சுப் படம் வந்தபிறகு, பல நாள் பாடுபட்டு எழுதும் பலகைப் படத்தை யார் தேடுவார்கள்? ஓர் ஓவியரின் புகழ் பெயர் தெரியாத எத்தனையோ ஓவியர்களின் பிழைப்பைக் குறைத்தது. ரவி வர்மா தீமை நினைத்துச் செய்யவில்லை. எனினும் அதுவும் நடந்தது. இதைக் கேட்டு இரண்டு கட்சியினருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

தோழிதான் மௌனத்தைக் கலைத்தாள். “அச்சு வந்ததாலே ஓவியருக்கு வேற வேலையும் வந்திருக்குமே சிஸ்டர்?” வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜுவின் கதை அதற்குச் சான்று. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த அவர், சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர்ப் படங்கள் எழுதினார். 1976-ல் மறையும்வரை தம்மிடம் வந்தவர்களுக்குக் கற்றும் கொடுத்தார். தமிழ்நாட்டில் அவர் படமோ அவர் சீடர்களின் படமோ மாட்டாத கடை அக்காலத்தில் இல்லை எனலாம். நம் வீடுகளில் தொங்கும் இருதய ஆண்டவர் காலண்டரையும் வேளாங்கண்ணி மாதா காலண்டரையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதித்தானே இருக்க வேண்டும்? இதுவரை நாங்கள் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

கொண்டையராஜு படித்த அந்தப் பள்ளி, அருங்காட்சியகத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. இன்று அரசு கவின் கலைக் கல்லூரி. தொடங்கியபோது அதன் நோக்கம் கைவினைஞர்களுக்குத் தொழிலறிவு தருவது. 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைவரான பிறகு தனி ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. மெரினாவில், பாறையை நெம்பும் நான்கு உழைப்பாளிகளைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அந்தச் சிலை இவருடையது. அங்கே நிற்கும் காந்தியடிகள் சிலையும் இவருடையதே.

ராய் சௌத்ரியிடம் படித்தவர் கே.சி.எஸ். பணிக்கர். இவர் வழியாகத்தான் நாங்கள் நவீன ஓவியங்களுக்குள் நுழைந்தோம். அருங்காட்சியகத்தில் நவீன ஓவியங்களுக்கென்று 1984-ல் தனிக் கட்டடமே திறந்தார்கள். உண்மையைச் சொன்னால், நவீன ஓவியத்தின் முன் முதலில் நாங்கள் சிரித்தோம். மூக்கு ஓரிடம், கண் ஓரிடம். இதைத் தம்பியே போடுவானே என்று ஒருத்தி சொன்னாள். சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பணிக்கரின் கதையைச் சொன்னார்கள்.

பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தை இறந்ததும் குடும்பத்தைக் காக்கத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். நிரந்தரச் சம்பளம்! எந்த அம்மாவும் மகிழ்ந்திருப்பார். ஆனால் அவர் 1936-ல், தமது 25-ஆம் வயதில், அந்த வேலையை விட்டுவிட்டு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1944-ல் நண்பர்களோடு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957-ல் தாம் படித்த பள்ளிக்கே தலைவரானார். ஏழைகளையும் தோட்டங்களையும் வரைந்தவர், நம் ஆண்டவரின் துயரத்தையும் வரைந்திருக்கிறார்.

பிறகு 1963 வாக்கில் ஒரு திருப்பம். கணக்குப் படிக்கும் ஒரு மாணவனின் நோட்டுப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்கள், அல்ஜீப்ராக் குறிகள், வடிவ கணிதக் கோடுகள். அவற்றின் பொருளை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் அவர் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ‘சொற்களும் குறிகளும்’ என்ற ஓவிய வரிசை. ஜாதகக் கட்டம் போல ஒன்று, ஏட்டுச் சுவடி எழுத்துப் போல ஒன்று, மீன், பறவை, பாம்பு. படிக்க முயன்றால் படிக்க முடியாது. ஆனால் பாட்டியின் பழைய பெட்டியைத் திறந்ததுபோல் ஏதோ தெரிந்த பொருளாகவே தோன்றும். மேல்நாட்டாரைப் பார்த்து வரையாமல், நம் மண்ணுக்குள்ளிருந்தே புதிய ஓவியம் வரவேண்டும் என்பது அவர் எண்ணம். எங்கள் கணக்கு நோட்டில் இத்தனை அழகு இருக்கிறது என்று யார் கண்டது! (எங்கள் கணக்கு ஆசிரியை இதைப் படித்துவிட்டு என்ன சொல்வார்களோ.)

சரி, இதற்குக் காசு கொடுத்தது யார்? இங்கேதான் எங்கள் கேள்வி இடறியது. அரசர் இல்லை. துரை இல்லை. இப்படிப்பட்ட படத்தைப் பூசை அறையில் மாட்ட எவரும் வாங்க மாட்டார். ஓவியப் பள்ளியில் படித்து வெளியே வரும் இளைஞர்கள் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போய்த் தூரிகையைக் கைவிடுவதைப் பணிக்கர் கண்ணால் கண்டுகொண்டிருந்தார். அவர் கண்ட வழி, கைத்தொழில். மாணவரும் ஆசிரியருமாகச் சேர்ந்து கைவினைச் சங்கம் அமைத்தார்கள். துணியில் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். மெழுகை உருக்கித் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வேறு நிறம் வேண்டுமானால் மறுபடியும் மெழுகு, மறுபடியும் சாயம். கடைசியில் வெந்நீரில் அலசினால் மெழுகு போய்விடும். மெழுகு விரிந்த இடங்களில் மயிரிழை போலச் சாயம் இறங்கி நிற்பதுதான் அதன் அழகு.

இப்படி விற்ற பணத்தைச் சேர்த்து, 1966-ல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சில ஏக்கர் நிலம் வாங்கினார்கள். வெறும் மணலும் சவுக்கும். அங்கே சுமார் முப்பது ஓவியர்களும் சிற்பிகளும் தங்களுக்கென்று குடியிருப்பு அமைத்தார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். பகலில் ஒரு பகுதி நேரம் கைவினை, அது சோற்றுக்கு. மீதி நேரம் ஓவியம். ஒருவர் தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பணிக்கர் 1977-ல் காலமானார்; அவர் வைத்த கிராமம் இன்றும் இருக்கிறது. காலையில் சிஸ்டர் அந்தச் சிவப்புக் கட்டடத்தைக் காட்டிச் சொன்னது எங்களுக்கு இப்போதுதான் விளங்கியது. கையில் தொழில் இருந்தால் கலைக்கு வீடு உண்டு.

பெண்கள் யாருமே இல்லையா என்று கேட்டோம். காலை முதல் பார்த்தவற்றில் பெண்கள் படத்துக்குள்ளேதான் அதிகம் இருந்தார்கள். தூரிகையைப் பிடித்த பெண் யார்? ரவி வர்மாவின் தங்கை மங்களா பாயி நன்றாக ஓவியம் எழுதினார். அண்ணனையே உருவப் படமாக வரைந்திருக்கிறார். ஆனால் அண்ணனுக்குக் கிடைத்த ஊர்ப் பயணங்களும் பதக்கங்களும் தங்கைக்குக் கிடைக்கவில்லை. சென்னை ஓவியப் பள்ளியில் பணிக்கரிடம் படித்த டி.கே. பத்மினி, பொன்னானிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். பெண்களின் மௌனத்தையே வரைந்தவர். 1969-ல் பிரசவத்தின்போது, 29 வயது நிறையுமுன்னரே இறந்துபோனார். சோழமண்டலத்தில் ஆண்களோடு சரிசமமாகக் குடியேறி உழைத்த பெண்களும் உண்டு: ஓவியர் அர்னவாஸ், சிற்பி அனிலா ஜேக்கப். இந்தப் பெயர்களைத் தோழி உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள்.

வெளியே வரும் வழியில் இன்னொரு செய்தியும் அறிந்தோம். கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஓவியத்துக்குப் பகை. பலகை ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே உள்ள சுண்ணாம்பு வளைந்து கொடுக்காது, வெடிக்கும். துணியையும் பசையையும் பூச்சி அரிக்கும். பலமான வெளிச்சம் நிறத்தைத் தின்னும். இதையெல்லாம் கவனிக்க ரசாயனம் படித்தவர் வேண்டும். இந்த அருங்காட்சியகத்தில் 1930-லேயே ரசாயனக் கூடம் தொடங்கி, டாக்டர் எஸ். பரமசிவன் என்பவரை நியமித்தார்கள். செம்புச் சிலைகளின் களிம்பை மின்சாரத்தால் நீக்கியவர் அவர். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தபோது, அந்தச் சுவரின் சுண்ணாம்பை ஆராய்ந்து அது எழுதப்பட்ட முறையைச் சொன்னவரும் பரமசிவனே. ரசாயனத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி, “அப்போ எனக்கும் இங்கே வேலை உண்டு” என்றாள். எல்லோரும் கை தட்டினோம். காவலர் எங்களைப் பார்த்த பார்வையில் உடனே நிறுத்திக்கொண்டோம்.

திரும்பும் ரயிலில் சிஸ்டரிடம், “தீர்ப்பு என்ன?” என்று கேட்டோம். “நீங்கள்தானே பார்த்தீர்கள்?” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்கள்.

தோழி அன்று இரவே அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள். அரசர், துரை, காலண்டர், தந்தி இலாகா, மெழுகு ஒன்றையும் விடவில்லையாம். பிளஸ் டூ முடித்தால் கவின் கலைக் கல்லூரியில் நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு உண்டு என்பதையும் சொல்லியிருக்கிறாள். அம்மா அரிசியைக் களைந்துகொண்டே கேட்டார்களாம், பதில் ஒன்றும் சொல்லவில்லையாம். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றபோது எங்களைக் கூப்பிட்டார்கள்.

“ஏம்மா, அந்தச் சோழமண்டலம்னு சொல்றாளே, அங்கே போக எந்த பஸ் ஏறணும்?”

திருவான்மியூர் போய், மகாபலிபுரம் சாலையில் போகிற பஸ்ஸில் ஏறி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்க வேண்டும் என்று சொன்னோம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு